சென்னையிலிருந்து வளைகுடா ரிஃபைனரி வேலைக்கு: எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா முடித்து, ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் என ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகளின் எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பைப் ஃபிட்டராகத் தொடங்கி, ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும்) வேலைகளில் பைப்பிங் சூப்பர்வைசராக இருந்து ஊர் திரும்பியவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு ஆஃபர் லெட்டரோடு வரும் தம்பிகளுக்கு அதைப் படித்துச் சொல்கிறேன்.

வேலை நன்றாகத் தெரிந்த பையன்கள்கூட வரிசை மாறிப்போய் ஏமாறுகிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்தைப் படிக்கிறார்கள். இருக்கும் வேலையை விட்டுவிட்டு மெடிக்கலுக்குப் போகிறார்கள். பட்டியல் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். எதற்குப் பிறகு எது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

1. பாஸ்போர்ட்டில் பெயரைச் சரி செய்யுங்கள்

நம் ஊரில் அதிகம் உள்ள சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’. ஐ.டி.ஐ. சான்றிதழில் ‘முருகன் எஸ்’. ஆதாரில் ‘முருகன்’ மட்டும். பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுப்பிரமணி’. நமக்கு நால்வரும் ஒருவரே. ரியாத்தில் உட்கார்ந்து விசாவுக்குச் சான்றிதழ் பார்க்கும் அதிகாரிக்கு நான்கு வெவ்வேறு ஆட்கள்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது தலையெழுத்தை விரித்து, தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வேலை விசாவுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் டிக்கெட், வங்கிக் கணக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். சான்றிதழ்களில் எழுத்துக்கூட்டலே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்தப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த முத்திரை வராது. தேறியிருந்தும், விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலை இணைக்காததால் முத்திரை விழுந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் எந்த சேவை மையத்துக்குப் போனாலும் மூலச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள்.

2. முதல் மூன்று ஆண்டை இங்கேயே வேலை செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. என் கருத்தில் தாண்டவே கூடாத படி இது.

சென்னையின் வடக்கு முனையே ஒரு பயிற்சிக்கூடம். மணலியில் ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் சி.பி.சி.எல். ஆலை இருக்கிறது. அதைச் சுற்றி உரம், பெட்ரோகெமிக்கல் ஆலைகள். எண்ணூரில் திரவ எரிவாயு முனையம். காட்டுப்பள்ளியில் கடல்நடு எண்ணெய் மேடைகளுக்கான இரும்புக் கட்டமைப்புகளைச் செய்யும் யார்டு. ரிஃபைனரியில் ஒவ்வொரு யூனிட்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுத்தித் திறந்து பழுதுபார்ப்பார்கள். அந்த ஷட்டவுன் காலத்தில் காண்ட்ராக்டர்களுக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள். ஹெல்ப்பராக நுழைந்தாலும் பரவாயில்லை, நுழையுங்கள்.

அதற்கும் முன்னால் தொழிற்பழகுநர் வாய்ப்பைப் பாருங்கள். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பழகுநர்களை எடுக்கின்றன. ஐ.டி.ஐ. பிள்ளைகள் மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்யலாம். டிப்ளமா, பட்டம் முடித்தவர்களுக்கான தென்மண்டல வாரியம் தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை குறைவுதான். ஆனால் பொதுத்துறை ரிஃபைனரி தரும் பழகுநர் சான்றிதழை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இந்த மூன்று ஆண்டில் இரண்டு பழக்கங்கள் வேண்டும். முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, யூனிட், பைப்பின் அளவு, உலோகம், கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) வகை, செய்த வேலை. இரவு படுக்கும் முன் நான்கு வரி எழுதினால் போதும். நேர்காணலில் ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர் பண்டில் (வெப்பமாற்றியின் குழாய்க் கட்டு) இழுத்திருக்கிறாயா’ என்று கேட்டால், எப்போது, எத்தனை டன், எந்த முறையில் என்று உங்களுக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, வருங்கால வைப்புநிதி. காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டுகிறாரா என்று மாதந்தோறும் பாஸ்புக்கில் பாருங்கள். அது ஓய்வுக்காலப் பணம் மட்டுமாக நின்றுவிடாது; எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை யாரிடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு யாரும் மறுக்க முடியாத சாட்சியும் அதுவே. கையில் பணமாகக் கொடுக்கிறேன், பி.எஃப். வேண்டாம் என்பவரிடம் செய்த ஈராண்டு அனுபவத்தை நிரூபிக்க முடியாமல் தவித்த தம்பியை எனக்குத் தெரியும்.

போலி அனுபவக் கடிதம் வாங்காதீர்கள். அது நேர்காணலில் பிடிபட்டால் அந்த வாய்ப்போடு முடிந்துவிடும். பிடிபடாமல் சைட்டுக்குப் போய்விட்டால்தான் ஆபத்து. தெரியாத வேலையை ஒரு ரிஃபைனரிக்குள் செய்வது உங்கள் உயிரோடும் பக்கத்தில் நிற்பவன் உயிரோடும் விளையாடுவது.

3. சான்றிதழ்: கம்பெனி கேட்ட பிறகு வாங்குங்கள்

கடன் வாங்கி வரிசையாகப் படிப்புகளை முடித்துவிட்டு வேலை தேடுகிறார்கள். சில உண்மைகளைத் தெரிந்துகொண்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

வெல்டருக்கு 6ஜி (சாய்வாக நிறுத்திய குழாயில் வெல்டிங்) தேர்வுச் சான்று நல்லதுதான். ஆனால் ஆஸ்மி என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதியின்படி அந்தத் தகுதி உங்களைச் சோதித்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாவிட்டால் தகுதி காலாவதியாகும். புது கம்பெனி எப்படியும் மறுபடி டெஸ்ட் வைக்கும். ஆகவே காகிதத்துக்குச் செலவழிக்கும் காசில் கூடுதலாக நாலு கூப்பன் (சோதனைத் துண்டு) வெல்டிங் செய்து பழகுங்கள்.

உலோகத்தைச் சேதப்படுத்தாமல் குறை கண்டுபிடிக்கும் என்.டி.டி. சோதனைக்கான லெவல் 2 சான்றும் அப்படியே. எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டு முறையில் அது வேலை தரும் நிறுவனம் வழங்கும் சான்று. பயிற்சி மையத்தின் தாள், நீங்கள் தேர்வு எழுதியதற்கு ஆதாரம். அனுபவ மணிநேரம் இல்லாமல் அது நிற்காது.

பாதுகாப்பு அதிகாரி ஆக நெபாஷ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புப் படிப்பு படிக்கும் பிள்ளைகள் ஏராளம். சைட்டையே பார்க்காதவரைப் பாதுகாப்பு அதிகாரியாக எந்த நல்ல ரிஃபைனரியும் எடுக்காது. ஐந்து ஆண்டு ஃபிட்டராக இருந்தவர் அதே படிப்பை முடித்தால் கதவு திறக்கும்.

கடல்நடு மேடைக்குப் போக பாசியட் என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தலைகீழாக நீருக்குள்ளிருந்து வெளியேறும் பயிற்சியும் அதில் அடங்கும். சான்று நான்கு ஆண்டுதான் செல்லும். வேலை கிடைக்காமலே இரண்டு ஆண்டு கழிந்தால் பாதிப் பணம் கடலில் போட்டதுதான். கம்பெனி கேட்டபின் போங்கள். பல கம்பெனிகள் தாங்களே செலவை ஏற்கின்றன.

4. ஏஜென்ட்டைச் சரிபாருங்கள், பிறகு பேசுங்கள்

மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், உரிம எண், உரிமத்தின் இன்றைய நிலை மூன்றையும் பாருங்கள். உரிமம் ரத்தானவர்களும் காலாவதியானவர்களும் பழைய பலகையை மாற்றாமல் அலுவலகம் நடத்துகிறார்கள்.

1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ரசீது தர வேண்டும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கேட்டால் அது கட்டணம் ஆகாது, கொள்ளை. வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று வட்டிக்கு 1,20,000 வாங்கினால் மாதம் 3,600 வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை டீக்கடையில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகும் ‘அண்ணன்’ சப்-ஏஜென்ட். அவருக்கு உரிமம் கிடையாது. நாளைக்கு அவர் மேல் வழக்குப் போடக்கூட உங்களிடம் தாள் இருக்காது. பாஸ்போர்ட்டின் மூலத்தை ஆஃபர் லெட்டர் வராமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது. அங்கே பெயரைப் பதிந்து வையுங்கள். தாமதமாகலாம், ஆனால் ஏமாற்று இராது.

‘விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். அடிபட்டால் இழப்பீடு கிடையாது. ரிஃபைனரி கேட் பாஸும் கிடைக்காது. ஆகவே அந்த விசாவில் போகிறவரை ரிஃபைனரிக்கு அழைத்துப் போகப்போவதே இல்லை.

5. நேர்காணலும் ட்ரேட் டெஸ்ட்டும்

கிளையன்ட் (ரிஃபைனரி தரப்பு) நேர்காணலில் கேள்விகள் சின்னவை, ஆனால் சைட்டில் நின்றவனுக்கு மட்டுமே தெரிந்தவை. 150 கிளாஸ் அழுத்தத் தரத்தில் 3 அங்குல ஃபிளாஞ்சுக்கு (குழாய்களை இணைக்கும் தட்டுக்கு) எத்தனை போல்ட்? நான்கு. 4 அங்குலத்துக்கு? எட்டு. போல்ட்டை எப்படி முறுக்குவாய்? எதிரெதிராக நட்சத்திர வரிசையில், ஒரே முறையில் முழு டார்க் (முறுக்கு விசை) கொடுக்காமல், முதலில் மூன்றில் ஒரு பங்களவு, பிறகு மூன்றில் இரண்டு பங்கு, பிறகு முழுவதும், கடைசியில் வட்டமாக ஒரு சுற்று. பழைய கேஸ்கெட்டை மறுபடி போடலாமா? கூடாது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முப்பது ஆண்டு ஆலையில் இருந்தவர். பொய்யை முகத்திலேயே படித்துவிடுவார். பேசும் ஆங்கிலம் நாலு வரி போதும், ஆனால் பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் கட்டாயம். அதை இப்போதே பழகுங்கள்.

சவுதிக்குப் போகும் பல தொழில்களுக்குத் தகாமுல் என்ற திறன் சரிபார்ப்புத் தேர்வும் உண்டு. உங்கள் தொழில் அதில் வருகிறதா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

6. ஆஃபர் லெட்டரைப் படிக்கும் முறை

என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் மொத்தத் தொகை எழுதிய வரியில் விரலை வைத்துக்கொண்டு வருவார்கள். நான் அந்த வரியைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் தொழிலின் பெயர். நேர்காணல் ‘பைப் ஃபிட்டர்’ என்று நடந்து, விசாவில் ‘தொழிலாளி’ என்று வந்தால் நிறுத்துங்கள். அங்கே போனபின் உங்கள் சம்பளத் தரம், வேறு கம்பெனிக்கு மாறும் வாய்ப்பு எல்லாம் விசாவில் உள்ள தொழிலைப் பிடித்தே நிற்கும்.

இரண்டாவது, வேலை தருபவர் யார். ரிஃபைனரியின் பெயரைச் சொல்லி ஆள் எடுப்பார்கள். ஒப்பந்தத்தில் ஒரு மேன்பவர் சப்ளை கம்பெனியின் பெயர் இருக்கும். அது தவறில்லை, வழக்கம்தான். ஆனால் சம்பளம், விடுப்பு, டிக்கெட் எல்லாவற்றுக்கும் அந்தச் சப்ளை கம்பெனிதான் பொறுப்பு. அதனால் அதைப்பற்றித்தான் விசாரிக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே இருக்கும் நம் ஊர் ஆள் ஒருவரிடம், சம்பளம் எத்தனையாம் தேதி வருகிறது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாவது, பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். அமீரகத்தில் மொத்தம் 1,600 திர்ஹம் என்று இரண்டு ஆஃபர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பேசிக் 800, மற்றதில் 1,200. மாதக் கையிருப்பு ஒன்றுதான். ஆனால் பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக். முதல் ஆஃபரில் ஆண்டுக்கு 560 திர்ஹம், இரண்டாவதில் 840. ஓவர்டைமையும் பேசிக்கை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

நான்காவது, வேலை நேரம். சவுதியிலும் அமீரகத்திலும் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் ஓவர்டைம். சில ஒப்பந்தங்களில் ‘10 மணி நேரம், சம்பளம் அனைத்தும் உட்பட’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். சவுதியில் பேசிக் 1,200 ரியால் மட்டும் வாங்குபவருக்கு ஒரு மணி நேரக் கூலி 5 ரியால். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 7.50. தினம் இரண்டு மணி, மாதம் 26 நாள் என்றால் 390 ரியால். அந்த ஒரு வரியில் மாதந்தோறும் போவது அவ்வளவு.

பிறகு உணவு, தங்குமிடம், போக்குவரத்து, விடுப்பு, போகவர டிக்கெட், மருத்துவம், இடையில் விலகினால் என்ன கழிப்பார்கள் என்பவை. ஷட்டவுன் விசா என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. வேலை 45 நாளில் முடிந்துவிட்டால் மீதி நாட்களுக்குச் சம்பளம் உண்டா? வேலை இல்லாமல் கேம்ப்பில் உட்கார்ந்திருக்கும் நாட்களைத்தான் ஒப்பந்தத்தில் மௌனமாக விட்டுவிடுகிறார்கள்.

அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒப்பந்தம் இருந்தால், சவுதியில் வழக்கு வரும்போது அரபிதான் செல்லும். இரண்டு பக்கத்திலும் எண்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அரபி எண்களை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

7. மெடிக்கல்

அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் எடுக்க வேண்டும். வஃபித் என்ற இணையதளம் வழியாகப் பதிவு. மார்பு எக்ஸ்-ரே, ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஒருமுறை ‘தகுதியில்லை’ என்று பதிவானால் அது கணினியில் நிற்கும்.

அதனால் ஏஜென்ட்டுக்குப் பணம் தரும் முன்பே அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆய்வகத்திலோ இந்தச் சோதனைகளை நீங்களே செய்து பாருங்கள். சிறுவயதில் வந்து ஆறிய காசநோயின் தழும்பு எக்ஸ்-ரேயில் தெரிந்து திரும்பி வந்தவர்கள் பலர். முன்பே தெரிந்தால் வீண் கடனாவது தவிரும்.

இராமநாதபுரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் நேராக மெடிக்கலுக்குப் போகாதீர்கள். தூக்கமில்லாத உடம்பில் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். முந்தின நாளே வந்து தூங்குங்கள்.

விசா கையில் வரும் வரை இருக்கும் வேலையை விடாதீர்கள்.

8. முத்திரை, அனுமதி, காப்பீடு

சான்றிதழ்களுக்குச் சவுதி, ஓமன், பஹ்ரைன் நாடுகளுக்கு அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகத்தின் சான்று) முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத் நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். எந்த நாடு என்று உறுதியான பிறகே முத்திரைக்குக் கொடுங்கள்.

கடைசிப் பக்க முத்திரை உள்ளவர்களுக்கு இ-மைக்ரேட் வழியாகக் குடியேற்ற அனுமதி, ஒருநாள் புறப்பாட்டுப் பயிற்சி, பிரவாசி பாரதிய பீமா காப்பீடு ஆகியவை உண்டு. காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம். முத்திரை இல்லாதவர்கள், தாங்களும் இதை எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் பாலிசி எண்ணைச் சொல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம், சொல்லிவிட்டுப் போங்கள். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், காப்பீடு எல்லாவற்றின் நகலும் வீட்டில் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

9. சைட்டில் முதல் மாதம்

இதுவரை எழுதியதில் தவறினால் பணம் போகும். இனி வருவதில் தவறினால் ஆளே போய்விடுவார்.

ஷட்டவுனில் நாள் இப்படி இருக்கும்: நாலு மணிக்கு எழுந்து, ஐந்துக்கு பஸ், ஆறுக்கு டூல் பாக்ஸ் பேச்சு (அன்றைய வேலையின் பாதுகாப்புப் பேச்சு), மாலை ஆறு வரை வேலை. திரும்பிக் குளித்துச் சாப்பிட்டால் மணி ஒன்பது. இப்படி நாற்பது நாள். தூக்கத்தைத் திருடிக்கொண்டு கைபேசியில் உட்காருகிறவர்தான் பத்தாம் நாள் சாரத்தில் கால் தவறுகிறார்.

*ஹைட்ரஜன் சல்ஃபைடு.* அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைப்பதுதான் உயிரை எடுக்கும் பிழை. 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் அது மோப்பத்தையே கொன்றுவிடும். அதற்கு மேல் ஏற ஏற சில மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். மூக்கை நம்பாதீர்கள், சட்டையில் மாட்டிய மானிட்டரை நம்புங்கள். பெரும்பாலும் 10 பி.பி.எம்.மில் அது கத்தத் தொடங்கும். கத்தினால் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு எதிர்க்காற்றில் கூடுமிடத்துக்குப் போங்கள். வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் குழியிலும் தங்கும். விழுந்து கிடப்பவர் உங்கள் நண்பரே ஆனாலும் மூச்சுக்கருவி இல்லாமல் அருகே ஓடாதீர்கள். ஓடியவரும் அங்கேயே விழுந்த கதைகளை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கேட்டிருக்கிறோம். முகமூடி காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டுமென்பதால் தாடி வைக்கக் கூடாது. அது அழகுக்கான விதி என்று நினைத்துச் சண்டை போட்டவர்கள் உண்டு.

*நைட்ரஜன்.* இதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. பாத்திரத்தை நைட்ரஜனால் நிரப்பி வைத்திருப்பார்கள். மேன்ஹோலில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாலே மயங்கி உள்ளே விழலாம். உள்ளே போகும் முன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும் 23.5க்கு மிகாமலும் இருக்க வேண்டும். எரிவாயு மீட்டரில் பலவற்றுக்கு அளக்கவே ஆக்சிஜன் தேவை; நைட்ரஜன் நிரம்பிய இடத்தில் அது பூஜ்யம் காட்டும். ஆகவே முதலில் ஆக்சிஜன் எண்ணைக் கேளுங்கள், பிறகு எரிவாயு எண்ணை. வெளியே ஹோல் வாட்ச் (வாயிலில் நின்று கண்காணிப்பவர்) நிற்கவில்லை என்றால் உள்ளே போகாதீர்கள். நீங்களே ஹோல் வாட்ச் என்றால் தேநீருக்குக்கூட நகராதீர்கள்.

*ஃபிளாஞ்ச் திறப்பது.* பர்மிட்டில் எழுதிய ஃபிளாஞ்ச் எண்ணும் உங்கள் முன்னால் உள்ள எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பாருங்கள். பக்கத்து லைனைத் திறந்துவிடுவது ஷட்டவுனில் நடக்கும் மிகப் பழைய தவறு. பூட்டும் அட்டையும் வால்வில் தொங்குகின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். உங்களுக்கு அப்பால் உள்ள போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். உள்ளே மிச்ச அழுத்தம் இருந்தால் அது உங்கள் முகத்துக்கு வராமல் அந்தப் பக்கம் சீறும். எல்லா போல்ட்டையும் கழற்றிவிட்டு ஃபிளாஞ்சைப் பிரிக்கக் கூடாது. உள்ளிருந்து கறுப்புப் பொடி வந்தால் அது இரும்பு சல்ஃபைடாக இருக்கலாம். உலர்ந்தால் தானே தீப்பிடிக்கும். தண்ணீரால் நனைத்தே வையுங்கள்.

*வெயில்.* சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை திறந்த வெயிலில் வேலை கூடாது. அமீரகத்தில் அதே நாட்களில் 12.30 முதல் 3 வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 முதல் 4 வரை. அவசரப் பராமரிப்பு போன்ற சில வேலைகளுக்கு விலக்கு இருப்பதால் ஷட்டவுனில் உங்களை வெயிலில் நிறுத்தக்கூடும். சென்னை வெயில் பழக்கம் அங்கே போதாது. தாகம் வரும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் உடம்பு ஏற்கெனவே வறண்டுவிட்டது. பேச்சு குழறும் நண்பரை ‘கொஞ்சம் உட்கார்’ என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குத் தூக்கி, நனைத்து, உடனே மருத்துவரை அழையுங்கள்.

பர்மிட் இல்லாமல் செய்யச் சொன்னால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஃபோர்மேன் கத்துவார். ரிஃபைனரியின் பாதுகாப்பு அதிகாரி உங்கள் பக்கம் நிற்பார். என் முதல் ஆண்டில் ஒரு மாலை நான் மறுக்காமல் ஏறினேன். சாரத்தின் பலகை கட்டப்படாமல் இருந்தது. இடுப்புக் கயிறு மாட்டியிருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

10. சம்பளம் நின்றால்

மாதாமாதம் வேலை நேரத்தை உங்கள் நோட்டில் எழுதுங்கள். டைம் ஷீட்டில் கையெழுத்திடும் முன் இரண்டையும் ஒப்பிட்டு, படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஓவர்டைம் குறைகிறது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மாதமே சொல்லுங்கள், எழுத்தில்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பது சட்டப்படி தவறு. கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் இந்தியத் தூதரகத்தில் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம். இங்கே சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது; வீட்டிலிருப்பவர்கள் அங்கே மனு கொடுக்கலாம். கேம்ப்பை விட்டு ஓடிவிடாதீர்கள். ஓடியவர் மேல் கம்பெனி தலைமறைவுப் புகார் கொடுத்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றவாளியாக நிற்க நேரும்.

11. முதல் ஒப்பந்தம் முடியும்போது

விடுப்புக்குக் கிளம்பும் உற்சாகத்தில் பலர் கணக்குத் தீர்ப்புத் தாளில் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். பணிக்கொடை, மிச்ச விடுப்பு, நின்ற ஓவர்டைம், டிக்கெட் நான்கும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். பணம் வங்கியில் ஏறிய பிறகு கையெழுத்திடுங்கள். எண் எழுதாத தாளில் கையெழுத்தே கூடாது.

அனுபவக் கடிதத்தை அங்கே இருக்கும்போதே வாங்குங்கள். ரிஃபைனரியின் பெயர், ஷட்டவுனின் தேதி, உங்கள் தொழில் மூன்றும் கடிதத்தில் வேண்டும். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டு வாங்கியவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

பர்மிட் வாங்குபவராக அங்கீகாரம் கிடைக்கும் தேர்வை இரண்டாம் ஆண்டிலேயே கேட்டு எழுதுங்கள்; ஃபிட்டரிலிருந்து ஃபோர்மேனுக்கு ஏறும் படி அதுதான். டிப்ளமா உள்ளவர்களுக்கு ஆய்வுத் துறை நல்ல வழி. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. தரும் ஆய்வாளர் சான்றுகளில் 510 அழுத்தக் கலன்களுக்கு, 570 குழாய்களுக்கு, 653 தொட்டிகளுக்கு. கல்வியைப் பொறுத்து அனுபவ ஆண்டு கேட்பார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குழாய் வேலையில் வளர்ந்தவர் 570இல் தொடங்கலாம். அந்தத் தேர்வுக்குப் படிக்க உட்காரும்போது, மணலியில் நான்கு வரியாக எழுதத் தொடங்கிய அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.